துடக்குக் கையும் கறிவேப்பிலையும்

கறிவேப்பிலையைக் கிள்ளிவிட்டு அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவும் என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு கோடை முடிந்துவிட்டது. அழுகை ஓரளவு அடங்கிவிட்டது. கோபம்தான் அடங்கவில்லை. உன்னிடமே சொல்லித் தீர்க்கிறேன்.

உன் கறிவேப்பிலை எப்படிச் செத்தது என்று உனக்கு யாராவது சொன்னார்களா? நீ இருந்த கிங்ஸ்பரி முழுக்க ஒரு கதை உலாவுகிறது. உன் மாமி, அத்தானின் அம்மா, போகிற வீடெல்லாம் சொல்கிறார்: "வளர்த்தவள் போக மரமும் கூடவே போயிட்டுது. வாயில்லாச் சீவனுக்கும் பாசம் இருக்குது பாருங்கோ." கேட்பவர்களும் கண்ணைத் துடைக்கிறார்கள்.

பாசமாம்! குளிரில் விறைத்துச் செத்தது அது.

வருடாவருடம் உறைபனி விழுமுன் தொட்டிகளை உள்ளே தூக்கிவிடுவாய். துளசி, கற்பூரவள்ளி, கறிக்கு வாசமாய்ப் போடும் ரம்பை, கடைசியாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு கறிவேப்பிலை. போன குளிருக்கு நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அத்தானுக்குத் தொட்டி நினைப்பா வரும்? உன்னைத் தகனம் செய்துவிட்டு வந்த மாலை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவை நிற்பதை நான்தான் பார்த்தேன். தூக்கி உள்ளே வைக்க ஓடிப்போய்க் கை நீட்டினேன்.

"தொடாதை பிள்ளை! செத்தவீட்டுத் துடக்கு. இந்தக் கையோட தொட்டால் கறிவேப்பிலை பட்டுப்போம்," என்று மாமி கத்தினார்.

"வெளியில விட்டால் குளிரில செத்துப்போம் மாமி."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும். துடக்குக் கழிஞ்சாப் பிறகு தூக்கலாம்."

அத்தான் கதவைச் சாத்தினார். வந்திருந்த டாக்டர், இன்ஜினியர் எல்லோரும் மாமிக்குத் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தூக்கி வைத்திருப்பார். அவருக்கு ஏது துடக்கும் தீட்டும்? அந்த யோசனை எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. அந்தியேட்டி முடிந்து கதவைத் திறந்தபோது துளசி கருகியிருந்தது. கற்பூரவள்ளி கூழாகிக் கிடந்தது. கறிவேப்பிலை வெறும் குச்சி.

மாமியை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த வீட்டில் இந்தச் சட்டத்தை நடத்தியவள் யார்? மாதத்தில் அந்த மூன்று நாளும் என்னை மரத்துக்குக் கிட்ட விட்டாயா நீ? "தள்ளி நில்லடி" என்று விரட்டுவாயே. அவ்வளவு படித்த நீ! உன் பயம்தான் அக்கா உன் மரத்தைக் கொன்றது. சொல்லும்போது நெஞ்சு நோகிறது. ஆனாலும் சொல்வேன்.

அத்தான் அந்தக் குச்சியைக் குப்பையில் போடப் போனார். பறித்துக்கொண்டு பஸ் ஏறி எட்மண்டனில் என் வீட்டுக்கு வந்து, சமையலறை ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் விட்டேன். வைகாசியில் வேரடியில் ஒரு குருத்து. அன்று எனக்குத் தொடக்கூடாத நாள். வேண்டுமென்றே தொட்டேன். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். உன் கை வாசம். தரையில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் திட்டி அழுதேன்.

மரம் பட்டுப்போகவில்லை அக்கா. இப்போது என் முழங்கால் உயரம், வெளியே வெயிலில் நிற்கிறது. உன் ஆண்டுத் திவசத்துக்கு இதில்தான் இலை பறிப்பேன். மாமி அந்தக் கதையை எடுக்கட்டும், படையல் கறியில் கிடப்பது எந்த மரத்து இலை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன்.

அடுத்த குளிரும் வருகிறது. உறைபனிக்கு முன் இந்தத் தொட்டியை உள்ளே தூக்குவேன். வீட்டில் யார் செத்துக் கிடந்தாலும் தூக்குவேன். நானே செத்தாலும், சுடலையிலிருந்து வந்ததும் முதல் வேலை அதுதான் என்று என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஓம் அம்மா, தூக்கிறன்" என்றாள்.

கோபம் தீராத உன் தங்கை,
சாந்தி