மயக்க டாக்டரிடம் போகிறேன்

என்னங்க,

நேற்று நீங்கள் எறிந்த டம்ளரால் என் நெற்றியில் மூன்று தையல். உங்கள் கையில் என் பல் பதிந்திருக்கும்; சரிக்குச் சரி.

விரிசல் விட்ட ஜாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து விற்பது எங்கள் அப்பா கடையிலும் உண்டு. அதற்காக, கால் ரத்தக்குழாய் ஆபரேஷன் தள்ளிப்போகுமென்று உங்கள் தசைநோயை டாக்டரிடமே மறைப்பதா? அந்த நோய்க்கு எல்லா மயக்க மருந்தும் ஒத்துக்கொள்ளாது. அதே நோயோடு படுத்த உங்கள் அண்ணன் ஆபரேஷன் மேசையிலேயே மூச்சடைத்துச் செத்தார்.

பழைய ஃபைலோடு மயக்க டாக்டரைப் பார்க்கப் போகிறேன். கொன்றாலும் சொல்லாமல் வரமாட்டேன். சாப்பாடு அடுப்படியில். சாவி மாடிவீட்டு அக்காவிடம்.

பி.கு.: மீதி டம்ளர்களை ஒளித்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து எழுந்து வாருங்கள். அடுத்த வீச்சு என்னுடையது.