கம்புக்குக் குங்குமம் வைத்தோம்

கார்வேட்டிநகரம்
17-2-1959

என் கண்ணான மங்கைக்கு அம்மா மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நைனாவும் மாடு கன்றும் சுகம், என் வயிறு நேற்றுதான் சுகத்துக்கு வந்தது, விசாகப்பட்டணத்துக் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. வயிற்றுக்கு என்ன கேடு என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் வெட்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தை அமாவாசைக்குப் பக்கத்து வீட்டு ஜெயம்மா பஸ் பேசி, முப்பது பேர் மதராஸுக்கு வடக்கே கடலில் முழுக்குப் போடப் போனோம். வழி முழுக்க ஆண்பிள்ளைகள் திருத்தணி மதராஸுக்கா நம் ஆந்திராவுக்கா என்று தொண்டை கிழிய வாதாடிக்கொண்டு வந்தார்கள். கரையில் இறங்கினால், தண்ணீரில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு கம்பு நட்டிருக்கிறது. காக்கி நிஜார் போட்ட ஒருத்தன் அதன் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணாடி பாட்டில் வாய்க்கு நெருப்புக் காட்டி, தண்ணீர் மொண்டு, மறுபடி நெருப்புக் காட்டி மூடி, பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டான். ஜெயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆரத்தி காட்டித் தீர்த்தம் எடுத்துக்கினு போறான் பாரு, இதாண்டி விசேஷமான எடம் என்றாள். அவ்வளவுதான், கம்புக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து அத்தனை பேரும் அங்கேயே முழுகினோம். உப்புக் கரிக்கிறது என்று முகம் சுளித்தவர்களை அதட்டிவிட்டு நான் மூன்று கை அள்ளிக் குடித்தேன்.

தலை துவட்டும்போதுதான் பக்கத்திலேயே ஊர்ச் சாக்கடை கடலில் விழுவதைப் பார்த்தேன். சாக்கடை சேருகிற இடத்தில் அடையாளக் கம்பு நட்டு, கிருமி எவ்வளவு என்று எண்ணத் தண்ணீர் எடுப்போம் என்று நீ எழுதியிருந்தாயே, அதேதான். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் என் பெண் சமுத்திர தீர்த்தம் பார்க்கிற ஆபீசர் என்றல்லவா ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன், படிக்கவைத்துச் சாக்கடைக் கிருமி எண்ண விட்டாளா என்று சிரிப்பார்களே என்று பயம். பாவி நான், பஸ் முழுக்க வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜெயம்மா, ஏழு மாசமாயிருக்கிற மருமகள் செல்வியின் கையில், கம்படியில் மொண்டு வந்த சொம்புத் தண்ணீரைச் சாய்த்து, சொகமா பெத்துப் பொழைப்பே, குடிச்சுடும்மா என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய்ச் சொம்பைத் தட்டிவிட்டு, அது சாக்கடைத் தண்ணி, அதுல இருக்கிற கிருமியத்தான் என் பொண்ணு எண்ணிக்கினு இருக்கா என்று கத்திவிட்டேன். தீர்த்தத்தைச் சாக்கடைன்றியே, கண்ணு அவிஞ்சு பூடும் என்று ஜெயம்மா என் முகத்தில் கதவைச் சாத்தினாள்.

மறுநாளே பதினொரு பேருக்குப் பேதி. ஜெயம்மாவும் நானும் கொல்லைப்பக்கம் சொம்போடு நாளைக்கு எட்டுத் தடவை எதிரெதிரே வந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். உங்க நைனா சும்மா இருப்பாரா, கடலு மதராஸ்காரனுது, பேதி மட்டும் ஆந்திராவுக்கா, எல்லைக் கமிஷனுக்கு எழுதிப் போடறேன் என்கிறார். இப்போது எல்லாருக்கும் தேவலை. செல்வி வாயில் ஒரு சொட்டும் படவில்லை.

நேற்று ஜெயம்மா தானாக வந்தாள். கையில் வெந்நீரில் கழுவிய பாட்டில், அதில் நம் கோயில் குளத்துத் தண்ணீர். கொழந்தைய இதுலதான் குளிப்பாட்டணும், எத்தினி கிருமின்னு உன் பொண்ணாண்ட எண்ணிச் சொல்லச் சொல்லு என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் வேலையை மறைத்தது என் தப்புதான் அம்மாடி.

பாட்டிலை எப்படி அனுப்புவது என்று எழுது. ஈரப் புடவையோடு நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. பத்மாவதித் தாயார் உன்னை நன்றாக வைக்கட்டும். குளத்தில் எத்தனை இருந்தாலும் ஒன்றுகூடக் குறைக்காமல் எழுது, கோயில் வாசலில் நின்று நான்தான் உரக்கப் படிக்கப் போகிறேன்.

உன் அம்மா
கமலம்மா