சான்றிதழில் கையெழுத்திட்டவர்

அனுப்புநர்:
வில்லா ஹென்ஸ்லி
(முகவரி தங்கள் கோப்பில் உள்ளது. இங்கு மறுபடியும் எழுதவில்லை. காரணம் மூன்றாம் பத்தியில்.)

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
கைத்துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரி,
ஹாலோவே கவுண்டி நீதிமன்றம்,
நியூயார்க் மாநிலம்.

பொருள்: கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமம் – வேறு மாநிலத்திலிருந்து குடிவந்தவரின் விண்ணப்பம் – பழைய பயிற்றுநரை நேரில் வரச்சொல்லி நிச்சயித்த சந்திப்பை (வியாழன், செப்டம்பர் 19, காலை 10.30) ரத்து செய்யக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. எனது விண்ணப்பம், நாள் 6.5.2024.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 9.9.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆம், பதினான்காம் கேள்விக்கு நான் உண்மையைத்தான் எழுதினேன். துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர் யார் என்று படிவம் கேட்டது. டேல் ஷெல்ட்டன் என்று எழுதினேன். அவருடன் மூன்று ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தேன் என்று எழுதவில்லை. படிவம் அதைக் கேட்கவில்லை. அவரிடமிருந்து விலகித்தான் இந்த மாநிலத்துக்கு வந்தேன் என்பதற்கும் அதில் கட்டம் இல்லை. கேட்காததைச் சொல்லாமல் விட்டது பிழை என்றால், அதை இங்கே திருத்திக்கொள்கிறேன்.

1. டென்னசியில் எனக்கு உரிமம் இருந்தது. மார்ச் மாதம் இங்குள்ள பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் பலரும் நினைப்பதுபோல, அந்த உரிமமும் ஓட்டுநர் உரிமம் மாதிரி காரோடு கூடவே வரும் என்று நினைத்திருந்தேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் அது இங்கு செல்லாது என்று படித்தேன். துப்பாக்கியைக் கொண்டுவந்தால் குற்றவாளி ஆவேன். ஆகவே வரும் வழியில், பென்சில்வேனியா எல்லைக்குள்ளேயே ஒரு துப்பாக்கிக் கடையில் அதை ஒப்படைத்து ரசீது வாங்கினேன் (இணைப்பு 1). கடைக்காரர் ஆர்லோ மாதம் ஒருமுறை போனில் சொல்வார்: “உன் பெட்டி பத்திரமா இருக்கும்மா. சாப்பாடு கேக்கல, சத்தம் போடல. என் வீட்ல இருக்கறவங்களவிட மேல். நீ பேப்பரோட வா, போதும்.” அந்தக் கடை என் வீட்டிலிருந்து நாற்பத்தொரு மைல். ஆறு மாதமாக அந்தத் தூரத்தை நான் மதித்து வருகிறேன்.

2. ‘உரிமம் கோருவதன் காரணம்’ என்ற இடத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. தற்காப்பு என்று எழுதினேன். யாரிடமிருந்து என்று எழுதியிருந்தால், அதற்குப் பின் நடந்தது எதுவும் நடந்திருக்காது. அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றி இப்போது அடிக்கடி யோசிக்கிறேன்.

3. என் டென்னசிப் பயிற்சிச் சான்றிதழைச் சரிபார்க்க, ஜூன் மாதம் தங்கள் அலுவலகம் அதில் கையெழுத்திட்டவருக்கு, அதாவது டேல் ஷெல்ட்டனுக்கு, கடிதம் அனுப்பியது. அது அச்சிட்ட படிவம். அதன் மேல் வலது மூலையில் ‘விண்ணப்பதாரரின் தற்போதைய முகவரி’ என்று ஒரு கட்டம். அதை அலுவலகமே நிரப்பியிருந்தது. தெருப் பெயர், கதவு எண், மாடி எண். நான் அந்த ஊரை விட்டு வந்தபோது என் தாய்க்குக்கூடத் தெருப் பெயர் சொல்லவில்லை. அவரிடம் கேட்டால் அவரால் மறைக்க முடியாது.

ஜூன் 24 அன்று மதியம், சாப்பாட்டு இடைவேளையில், என் கைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. எண்ணை மாற்றியிருந்தேன். புதிய எண்ணும் அதே கட்டத்தில் இருந்திருக்கிறது. பதிவை அப்படியே தருகிறேன் (இணைப்பு 2):

“வில்லா, நாந்தான். உன்னப் பத்தி ஒரு லெட்டர் வந்துச்சு. நல்லதா எழுதிப் போடறேன், கவலப்படாத. மூணாவது மாடியாமே? வெளிப்பக்கம் மரப்படியா, இரும்புப்படியா? மரம்னா யாராச்சும் ஏறுனா சத்தம் கேக்கும். உனக்கு அது நல்லது.”

அவர் அதில் என்னை மிரட்டவில்லை. எத்தனை முறை கேட்டாலும் மிரட்டல் என்று காட்ட ஒரு சொல் கிடையாது. அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். படி இரும்புப்படி.

4. அவர் தங்களுக்கு அனுப்பிய பதில் கோப்பில் உள்ளது. மூன்று வாக்கியங்கள். ‘வில்லா கவனமானவள். விதிகளை மீறமாட்டாள். பயந்தால் முதல் குண்டு இடப்பக்கம் தாழ்ந்து போகும், அதைத் திருத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.’ அலுவலகம் இதைச் சாதகமான பரிந்துரை என்று பதிவு செய்திருக்கிறது. ஐயா இரண்டாம் வாக்கியத்தை மட்டும் மறுபடி படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். உரிமம் வரும்வரை என் கையில் எதுவும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நான் இருக்கும் வீடு எது என்பதும் தெரியும். இரண்டையும் அவர் ஒரே உறையிலிருந்து தெரிந்துகொண்டார்.

5. செப்டம்பர் 9 கடிதத்தில், சான்றிதழில் சுடுதளப் பயிற்சி நேரம் தனியாகக் குறிக்கப்படவில்லை, எனவே பயிற்றுநர் மறுகையெழுத்திட வேண்டும், அதுவரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும் என்று இருந்தது. மறுநாள் நேரில் வந்தேன். மூன்றாம் ஜன்னலில் எழுத்தர் திருமதி பெர்னிஸ் ஜரோஸ் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“உன் வேலைய நானே முடிச்சுட்டேன் கண்ணு. அவரே போன் பண்ணாரு. தபால்ல வேணாம், நானே வந்து போட்டுத் தரேன்னாரு. எழுநூறு மைல்! என் மாப்பிள்ளைக்குக் கையெழுத்துப் போட எங்க பாதிரியாரு பக்கத்துத் தெருவுலேருந்து வரமாட்டேன்னுட்டாரு. வியாழக்கிழமை பத்தரைக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போட்டிருக்கேன். ஒரே நடையில முடிஞ்சிடும்.”

அவர் வரவேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்குப் பின்னால் பதினொரு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பரிசோதனைக் கூடத்தின் கணக்காளர். இன்னொருவர், “சீக்கிரம்மா, மான் வேட்டை சீசன் முடிஞ்சு பனி விழுந்துடும்போல,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “அட, கூச்சப்படாத,” என்றார் திருமதி ஜரோஸ். நான் சந்திப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இம்மனு திருமதி ஜரோஸ் மீது புகார் அல்ல. ஹாலோவே கவுண்டிக்கு வந்து ஆறு மாதத்தில் என்னிடம் அன்பாகப் பேசிய மூன்று பேரில் அவர் ஒருவர். அவருடைய மேசையிலிருந்த எந்தப் படிவத்திலும் இந்தச் செய்தியை எழுத இடம் இல்லை. அவ்வளவே.

6. திரு. ஷெல்ட்டன்மீது டென்னசியில் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று ஐயா கேட்கலாம். எங்கள் ஊர்க் காவலர்கள் ஒன்பது பேரும் அவரிடம்தான் குறி பழகினார்கள். ஆண்டுதோறும் அவர்கள் தகுதித் தேர்வுக்குக் கையெழுத்திடுபவரும் அவரே. அவர்களில் ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “டேலா? நம்ம டேலா?” என்றார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. இது போதுமான விளக்கமா என்று தெரியவில்லை. எனக்கே சில நாள் போதுவதில்லை.

7. துப்பாக்கியை நான் விரும்புகிறேனா என்பது படிவத்தில் இல்லாத கேள்வி. என்றாலும் சொல்கிறேன். இல்லை. அதைப் பிடிக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டின்கீழ் அவருடைய கை இருப்பதுபோலத் தோன்றும். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வேறு யாரிடமாவது முதலிலிருந்து கற்க விரும்புகிறேன். இந்தக் கவுண்டியில் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் திருமதி லொரெட்டா வான் ஹோர்னின் வகுப்பில் நவம்பருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் (இணைப்பு 3). முழுப் பயிற்சியையும், ஒரு மணி நேரம் குறையாமல், மறுபடி செய்கிறேன். பழைய சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் உள்ள கையெழுத்து எனக்கு வேண்டாம்.

ஆகவே ஐயா அவர்களை வேண்டிக்கொள்வது:

அ) வியாழக்கிழமைச் சந்திப்பை இன்றே ரத்து செய்து, அதைத் திரு. ஷெல்ட்டனுக்குத் தங்கள் பெயரில் தெரிவிக்க வேண்டும். நான் கேட்டதால் என்று குறிப்பிட வேண்டாம்.

ஆ) என் முகவரியும் எண்ணும் இனி எந்தக் கடிதத்திலும் இடம்பெறாதபடி கோப்பை மூடிவைக்க ஆணையிட வேண்டும்.

இ) புதிய பயிற்சி முடிந்ததும் விண்ணப்பத்தை வரிசையின் கடைசிக்குத் தள்ளாமல் முடிவு செய்ய வேண்டும். மறுப்பதாக இருந்தால் உடனே மறுக்க வேண்டும். வேறு ஊர் தேட எனக்குச் சில வாரம் வேண்டியிருக்கும்.

ஈ) புதன்கிழமைக்குள் அவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார் என்று தெரியவந்தால், அதை எனக்கு உடனே சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும்.

நான் விதிகளை மீறமாட்டேன் என்று அவர் எழுதியது உண்மை. அந்த உண்மை எனக்கு எதிராகப் போகாமல் இருப்பது இப்போது தங்கள் கையில் உள்ளது.

இப்படிக்கு,
வில்லா ஹென்ஸ்லி
(கையொப்பம்)

இடம்: ஹாலோவே
நாள்: 17.9.2024, செவ்வாய்

இணைப்புகள்: 1. கடை ரசீதின் நகல். 2. குரல்பதிவு, எழுத்து வடிவில். 3. வகுப்புப் பதிவுச் சீட்டு.

(என்னிடம் உள்ள நகலின் பின்பக்கம், கையால் எழுதியது)

அஞ்சலில் அனுப்பவில்லை. உறையின் மூலையில் முகவரி எழுதவேண்டி வரும். காலை 9.05க்கு மூன்றாம் ஜன்னலில் நேரில் கொடுத்தேன். திருமதி ஜரோஸ் நின்றபடியே படித்தார். ஐந்தாம் பத்திக்கு வந்ததும் உட்கார்ந்தார். பிறகு ஜன்னலை மூடிவிட்டு, தாள்களோடு உள்ளே போனார். நான் கூடத்துக்குப் போன் செய்து விடுப்பு சொன்னேன். கதவு தெரியும்படி இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.