டிக்கெட் எடுத்து ஏறிய டிரைவர்

அண்ணா,

இன்று காலை பஸ் மலை இறங்கும்போது பிரேக் காந்துகிற வாடை வந்தது. பக்கத்தில் இருந்த டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. நீங்கள் ஓட்டிய காலத்தில் இந்த வாடை ஒரே ஒரு நாள்தான் வந்தது. அன்று வண்டியை ஓட்டியது நீங்கள் இல்லை. என்னைப் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள்.

நாமக்கல்லில் இறங்கும்போது இப்போதைய டிரைவர் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, நாளையிலருந்து வண்டி ஓடாதுங்க. சம்பளப் பேச்சு முறிஞ்சு போச்சு. உங்களுக்கு அடுத்த முறை எப்பங்க?" வெள்ளிக்கிழமை என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பாவம், அவர் என்ன செய்வார்? இப்போது டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஊசி குத்தாத கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வியாதியால்தான் உங்களுக்கு என்னைத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் விடிகாலை வண்டியில் இறங்குவேன், சாயங்கால வண்டியில் ஏறுவேன். திரும்பும்போது உடம்பு பிழிந்துபோட்ட துணியாகக் கிடக்கும். ஒருதரம் வளைவில் மயங்கிச் சீட்டிலிருந்து சரிந்துவிட்டேன். அதன்பிறகு இரண்டு மூன்று வளைவுக்கு ஒருதரம், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்பீர்கள்.

"இருக்கறயா அம்மிணி?"

"இருக்கறேனுங்கண்ணா."

அண்ணன் ஆஜர் எடுக்கிறார் என்று கண்டக்டர் கேலி பேசுவார். ஒருநாள் எரிச்சலில், "இல்லீங்கண்ணா, போன வளைவுலயே எறங்கிட்டேன்" என்றேன். வண்டியே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றும் சம்பளத்துக்காகத்தான் ஸ்ட்ரைக். அது தொடங்கியபோது நீங்கள் எங்கள் ஊரில் நைட் ஹால்ட். வண்டியைக் கோயில் பக்கம் ஓரங்கட்டிவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று இறங்கிவிட்டீர்கள். ஒரே நாளில் ஊர் முடங்கிப்போனது. பறித்த பலாப்பழம் ரோட்டோரம் வெடித்து ஈ மொய்த்தது. கீழே காலேஜுக்குப் போகிற பெண்கள் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். நான் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று வெள்ளிக்கிழமை. ஜீப்புக்குக் கேட்டால், எங்கள் மிளகு முழுவதையும் விற்றாலும் கட்டாத வாடகை சொன்னான்.

இரண்டாம் நாள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. அந்தக் கோபத்தில் உங்களிடமே வந்து கேட்டேன். "உங்க சம்பளத்துக்கு என் உசுரா கெடச்சுதுங்க?"

நீங்கள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தீர்கள். "நாயம்தான் அம்மிணி. ஆனா நானா வண்டிய எடுத்தா, கீழ நம்மள நம்பிப் பட்டினி உக்காந்திருக்கறவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? சம்பளத்த ஏத்தி வருசக்கணக்காச்சு." நீங்கள் கேட்பது நியாயம் என்று எனக்கும் தெரியும். வீங்கின காலுக்கு அது தெரியாதே.

மூன்றாம் நாள் அதிகாரிகள் ஒரு தற்காலிக டிரைவரைக் கூட்டிவந்தார்கள். சமவெளியில் லாரி ஓட்டியவர். மலைக்கு ஏறியதே அன்றுதான் முதல் தடவை. ஊரில் யாரும் ஏறவில்லை. எனக்கு வேறு வழியில்லை, ஏறினேன். வண்டி நகரும்போது காக்கிச் சட்டை இல்லாமல், லுங்கியோடு நீங்கள் ஏறினீர்கள். நாமக்கல்லுக்கு ஒரு டிக்கெட் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றீர்கள்.

"பள்ளத்தைப் பாக்காதீங்க, வலது கைப் பாறையப் பாருங்க. பிரேக்க மிதிச்சுட்டே வராதீங்க, காந்தற வாடை வருது பாருங்க. செகண்ட் கியர்லயே எறக்குங்க. இங்க ஹாரன் அடிச்சுட்டு நில்லுங்க, ஏறுற வண்டிக்கு வழி உடணும்." ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சொல். அந்த மனிதருக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. நடுநடுவே அவர் தலைக்கு மேலே உங்கள் குரல் வந்தது. "இருக்கறயா அம்மிணி?"

மலை அடிவாரத்தில், காரவள்ளியில் ஸ்ட்ரைக் செய்த உங்கள் ஆட்கள் கூடி நின்றார்கள். வண்டியை மறித்தவர்கள் உள்ளே உங்களைப் பார்த்ததும், ஒருவர் "கருங்காலி" என்று கத்தினார். நீங்கள் டிக்கெட்டை எடுத்துக் காட்டினீர்கள். யார் அதைப் பார்த்தார்கள்? இந்த அம்மிணிக்காகத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்தான் எழுந்து சண்டைக்குப் போனேன். "நாங்க கேக்கறதும் எங்க ஊட்டுச் சோத்துக்குத்தானுங்க" என்றார் அவர். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "உக்காரு அம்மிணி, நேரமாவுது" என்று நீங்கள் அங்கேயே இறங்கிக்கொண்டீர்கள். வண்டியை விட்டுவிட்டார்கள்.

ஸ்ட்ரைக் முடிந்தது. நீங்கள் மறுபடி வண்டி எடுத்தீர்கள். டிப்போவில் உங்களோடு யாரும் சோறு உண்பதில்லை என்று கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். தூக்குப் போசியை மலைக்கே கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். கேட்டால், "மேல காத்து நல்லா இருக்குது" என்பீர்கள். ஓய்வு பெறும்வரை அப்படித்தான். அதன்பிறகு நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

துக்கத்துக்கு ராசிபுரம் பக்கத்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். அன்று கருங்காலி என்று கத்தியவரும் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அழுதார். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மலை வண்டி அம்மிணி நீங்கதானுங்களா? தூக்கத்துல 'இருக்கறயா'ன்னு கேப்பாருங்க. நானும் இருக்கறேன்னு சொல்லுவேன். அப்பத்தான் தூங்குவாரு." அங்கே அடக்கி வைத்த அழுகையைத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வருகிறது அண்ணா. மறுபடி யாரோ ஒரு புது ஆளைக் கூட்டிவருவார்கள். வேண்டாம், கடன்பட்டாவது ஜீப்பில் போவோம் என்று போனில் சொல்கிறார் என் வீட்டுக்காரர். மற்றவர்கள் ஏறுவார்களே, அவர்களுக்கு யார் சொல்வது? நான் டிக்கெட் எடுத்துக்கொண்டு முன்னால் போய் நிற்பேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த வளைவில் பாறையைப் பார்க்க வேண்டும், எங்கே ஹாரன் அடித்துவிட்டு நிற்க வேண்டும் என்று உங்கள் வாயால் கேட்டது ஒன்றும் மறக்கவில்லை. நிற்க முடியாமல் கால் நடுங்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.

உயிர் போய்விடுமோ என்று நீங்கள் பயந்த நான் இன்னும் போய் வந்துகொண்டிருக்கிறேன். கேட்டவர்தான் இல்லை. கீழே இறங்கியதும், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

இருக்கறேனுங்கண்ணா.