அக்கரைமேட்டுச் சாம்பல் சேவல்

அனுப்புநர்:
ம. ஆரோக்கியசெல்வி,
செயலாளர், விடிவெள்ளி மகளிர் சுய உதவிக் குழு,
அக்கரைமேடு, உப்பளம் வழி,
மரக்காணம்.

பெறுநர்:
உயர்திரு கால்நடை உதவி மருத்துவர் அவர்கள்,
கால்நடை மருந்தகம்,
புதுவெளிப்பாக்கம்.

பொருள்: கோழி வளர்ப்புத் திட்டத்தின் கீழ் 14.06.2005 அன்று ஒப்படைத்த சாம்பல் நிற நாட்டுச் சேவலை, 23.09.2005 ஏலத்திலிருந்து நீக்கித் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் அய்யா,

முதலில் எங்கள் குழுவின் நன்றி. தாங்கள் கொடுத்த வெள்ளைச் சேவல்கள் மூன்றும் பார்க்க அவ்வளவு அழகு. இந்த வருடம் உப்பும் நன்றாக விளைந்தது, பிள்ளைகளும் சுகம். யார்மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் கணவர் மரியதாஸ் செய்த ஒரு தவறைத் தாங்கள்தான் சரிசெய்ய முடியும் என்பதால் எழுதுகிறேன்.

1. அக்கரைமேடு என்பது உப்புப் பாத்திகளுக்கு நடுவே உள்ள களிமண் மேடு. ஒரு பக்கம் கால்வாய், மூன்று பக்கம் பாத்தி. வந்துபோக ஒற்றை வரப்புதான். 1972இல் இங்கே குடியேறியவர்கள் கிளியனூரிலிருந்து ஆறு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு வெளிக்கோழி ஒன்றுகூட இங்கே வந்ததில்லை. குடிதண்ணீரைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்பவர்கள் கோழியை எங்கே சுமப்பது? இங்குள்ளவை எல்லாம் அந்த ஏழின் வம்சமே.

2. கிளியனூரில் என் அக்கா வீட்டிலும் அதே வம்சம்தான். ஆனால் அங்கே கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று பல நிறம், உடம்பும் கனம். இங்கே எல்லாமே காய்ந்த சேற்றின் நிறம். கால் நீளம், எடை குறைவு. நொடியில் கூரைக்குப் பறந்துவிடும். பாத்தியோரம் ஊறும் உவர்நீரைக் குடித்தாலும் கழிச்சல் வராது. இப்படித்தான் வேண்டும் என்று நாங்கள் பொறுக்கி வளர்க்கவில்லை. வெள்ளைக் குஞ்சும் சிவப்புக் குஞ்சும் சேற்றில் பளிச்சென்று தெரிந்ததால் பருந்து தூக்கிப்போனது. பறக்க முடியாத கனத்த கோழிகளை நரி பிடித்தது. உவர்நீர் தாங்காதவை கழிந்தே செத்தன. தப்பியவை முட்டையிட்டன, குஞ்சுகளும் அவற்றைப் போலவே வந்தன. முப்பத்துமூன்று வருடமாக இதுதான் நடந்திருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் இங்கிருந்து எட்டு முட்டைகளை அக்கா வீட்டுக் கோழியிடம் அடைவைத்தோம். நல்ல தண்ணீர் குடித்து, கம்பு தின்று வளர்ந்தும் அவை சாம்பலாகவே, நெட்டைக் காலோடுதான் வளர்ந்தன. “என்னாடி இது, கோழி கேட்டா கொக்க அனுப்பியிருக்க?” என்றாள் அக்கா. அந்தக் கிறிஸ்துமஸுக்கே எல்லாவற்றையும் குழம்பு வைத்துவிட்டாள்.

3. 26.12.2004 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது நாங்கள் எல்லோரும் காலைப் பூசைக்கு மரக்காணம் போயிருந்ததால் உயிர் தப்பினோம். திரும்பி வந்தபோது வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. நாற்பது கோழிகளில் ஒன்பது பெட்டைகளும் இரண்டு சேவல்களும் மட்டும் கூரைமேல் உட்கார்ந்திருந்தன. அதுவரை அழாமல் இருந்த நான் அவற்றைப் பார்த்துத்தான் அழுதேன்.

4. திட்டத்தில் மூன்று வெள்ளைச் சேவல்களுக்கு மாற்றாகத் தாங்கள் கேட்டது ஏதேனும் ஒரு நாட்டுச் சேவல். எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று ஒற்றைக்கண் கிழடு. அதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நான் பாத்தி வேலைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வரும் அதிகாரிக்கு எதைக் கொடுத்தாலும் இருப்பதில் நல்லதைத்தான் கொடுப்பார்கள், இளநீரானாலும் அப்படித்தான். “ஆபீசருக்குப் போயி நோஞ்சானக் குடுப்பாங்களா?” என்று மரியதாஸ் நல்ல சேவலைப் பிடித்து, காலையும் கழுவிக் கொடுத்திருக்கிறார். கிழட்டுச் சேவல் ஆகஸ்டில் செத்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு பெட்டைகள் ஜூன் வரை முட்டையிடாததால், இரண்டு சேவல்களுக்கும் பிறந்த குஞ்சு எதுவும் எங்களிடம் இல்லை.

5. வெள்ளைச் சேவல்களில் ஒன்று ஒன்பதாம் நாளே கழிச்சலில் போனது. இன்னொன்றுக்குக் கூரை ஏறத் தெரியவில்லை, நரிக்கு அது தெரிந்துவிட்டது. மூன்றாவது உயிரோடு இருப்பது நான் சுமந்து வரும் குடிதண்ணீரால். அதற்குப் பொரித்த பதினொரு குஞ்சுகளும் வெள்ளை. ஒன்பது பருந்துக்குப் போயின, இரண்டைக் கூடைக்கு அடியிலேயே வளர்க்கிறேன். தங்கள் உதவியாளர் “ரெண்டு மாசத்துல பழகிடும்மா” என்று தைரியம் சொன்னார். அய்யா, பழகுவதற்கு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். இந்தச் சேவலைக் கிளியனூரில் விட்டால் ராசாவாக வாழும். இந்த மேடு அதற்கு ஆகாது, அவ்வளவுதான்.

6. ஏல அறிவிப்பைப் படித்துவிட்டுப் போன வியாழக்கிழமை மருந்தகத்துக்கு வந்தேன். எங்கள் சேவல் நான்காவது கூண்டில் இருக்கிறது. தங்கள் புண்ணியத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. என்னைக் கண்டதும் மேல்கம்பி வரை எம்பியது. ஏலத்தில் எடுப்பவர்கள் அதைக் குழம்புக்குத்தான் எடுப்பார்கள். எங்கள் ஒன்பது பெட்டைகளுக்கு அதைவிட்டால் வேறு சேவல் எந்த ஊரிலும் இல்லை. பருந்துக்கும் கடலுக்கும் தப்பிய வம்சம் நாங்கள் காட்டிய மரியாதையால் அழிந்துபோனால் எனக்கு மனசு ஆறாது.

ஆகவே ஏலத்துக்கு முன்பே அந்தச் சேவலைத் திருப்பித் தர உத்தரவிடுமாறு, பன்னிரண்டு குடும்பங்களின் சார்பில் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இம்மனுவைக் கொண்டுவருபவர் மரியதாஸ்தான். மாற்றாக அவரிடம் மிஞ்சிய அந்த வெள்ளைச் சேவலைக் கொடுத்தனுப்பியுள்ளேன். இந்த முறை எதைக் கொடுக்கிறார் என்று நானே பார்த்து, கூடையை மூடிக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
ம. ஆரோக்கியசெல்வி

இடம்: அக்கரைமேடு
நாள்: 19.09.2005