ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து லண்டனுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம்

உன் கைக்கடிகாரத்தில் இப்போது மணி ஒன்று. ஷார்ஜாவில் பதினொன்றரைதான் ஆகிறது. உன் அம்மா இதை என் கையில் கட்டிவிட்ட நாளிலிருந்து நான் முள்ளைத் திருப்பவில்லை. நீ வைத்திருந்தபடியே ஊர் நேரத்தில் ஓடட்டும்.

குளியலறையைத் தாழிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா விழித்தால் தொலைந்தேன்.

அந்தக் கணக்கை நீ மறந்திருக்க மாட்டாய். ஃபிராங்ஃபர்ட்டில் பத்து மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனில் பத்து நாற்பதுக்கு இறங்குகிறது. தூரம் 650 கிலோமீட்டர். பயண நேரம் என்ன? மேம் பலகையில் 'நாற்பது நிமிடம்' என்று எழுதினார். நீ பெஞ்சுக்கு அடியில் என்னைக் கிள்ளினாய்.

"நாப்பது நிமிஷத்துல எங்க அப்பா துபாய்லேருந்து ஷார்ஜாவுக்கே வந்து சேர மாட்டாருடீ!"

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கடிகாரம் வரைந்தாய். லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். "வீட்டுல ரெண்டு நேரம் பார்த்து வளந்தவங்க நாம. இதுகூடத் தெரியாதா?" திரும்பும் விமானம் பன்னிரண்டுக்குக் கிளம்பி இரண்டு நாற்பதுக்கு இறங்குவதாகப் புத்தகத்திலேயே இருந்தது. "போறப்ப நாப்பது நிமிஷம், வர்றப்ப ரெண்டு மணி நாப்பது நிமிஷமா? தள்ளிக்கிட்டா வர்றாங்க?"

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். நீ எழுந்து சொல்லிவிட்டாய். வேறு யாருக்காவது அப்படித் தோன்றுகிறதா என்று மேம் கேட்டார். என் கை மடியிலேயே கிடந்தது. மணி அடிக்கும்வரை உன்னை நிற்க வைத்தார். "விடுடீ, உனக்குப் பயம். எனக்குக் கால்வலி, அவ்வளவுதான்" என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஃபுஜைரா போகும் சாலையில் உங்கள் கார் கவிழ்ந்தது.

இன்று வகுப்பில் மறுபடியும் அதே கணக்கு. நான் எழுந்தேன். "ஒரு மணி நாற்பது நிமிடம், மேம். அவள் சொன்னதுதான் சரி." 'நாற்பது நிமிடம்' என்று ஐம்பது தடவை எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு வரச் சொன்னார் மேம்.

அப்பா கராஜிலிருந்து கிரீஸ் கையோடு வந்து கேட்டுக்கொண்டார். "மேம் சொன்னபடி எழுது பாப்பா. நாம பொழைக்க வந்தவங்க. வாயக் குடுக்காத." விடிகாலை ஐந்துக்கு டூட்டி என்று, வெற்றுத்தாளின் அடியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

ஐம்பது வரியும் எழுதி முடித்துவிட்டேன். ஐம்பதிலும் 'ஒரு மணி நாற்பது நிமிடம்'. கீழே, உன் இரண்டு கடிகாரங்கள். அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில், 'எழுதியது நான், அப்பாவுக்குத் தெரியாது' என்று என் பெயரையும் போட்டிருக்கிறேன். திட்டு எனக்கே வரட்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. பேனா வழுக்குகிறது. ஆனால் ஒரு வரியையும் அடிக்க மாட்டேன்.

நாளை முதல் பீரியட். நிற்கச் சொன்னால் நிற்பேன். கால் வலித்தால் உன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன். அதில் அந்த பீரியட் எப்போதோ முடிந்திருக்கும்.