மாடிப்படியில் சாவிச் சத்தம்

ஜூலை 6

அன்பும் பண்பும் அரை மார்க்கும் நிறைந்த அப்பாவுக்கு,

அத்தை வீட்டில் நான் நலம். நீங்களும் நலம் என்று போனில் சொல்லிவிட்டீர்கள். போனில் நாம் பேசுவதே அவ்வளவுதான். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "படிச்சியா?" "ம்." அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு விடுகிறோம். மூச்சு விடுவதற்கு எதற்கப்பா ஒரு போன்? அதனால்தான் கடிதம். எனக்கு நன்றாக வரும். அந்த வார்த்தையின் முதல் பாதியே கடிதானே!

அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "ரிட்டயர் ஆன மனுஷனுக்கு எவன்டி வெளிநாட்டுல வாத்தியார் வேலை குடுப்பான்?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். ரீ-டயர் என்றால் புது டயர் மாட்டிக்கொண்டு ஓடுவது என்று விளக்கினேன். அடி விழுந்தது. நீங்களாக இருந்தால் அரை மார்க்காவது போட்டிருப்பீர்கள்.

அந்த வீடியோ நேர்காணலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மேலே கோட்டு, டை. கீழே கட்டம் போட்ட லுங்கி. "ஒரு கணக்கைப் பலகையில் போட்டுக் காட்ட முடியுமா?" என்று அவர்கள் கேட்டதும் பழக்க தோஷத்தில் விறைப்பாக எழுந்து நின்றீர்களே! லுங்கியைப் பார்த்த பிறகும் வேலை கொடுத்தார்கள் என்றால் அவர்களுக்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்கும்! வயதைக் கேட்டதுமே கதவைச் சாத்திய ஏஜென்ட்டுகளெல்லாம் இருக்க, இந்த ஒருவர் மட்டும் "திடீர்க் காலியிடம் சார், உடனே கிளம்புங்க" என்றார். நீங்களும் உடனே கிளம்பிவிட்டீர்கள். அம்மா வருஷத் திதி முடிந்த ஈரம்கூடக் காயவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சாவிக்கொத்து எங்கே? அத்தையிடம் இரண்டு மாற்றுச் சாவி இருந்ததால் தப்பித்தோம். இன்னொன்று. வீட்டை வாடகைக்கு விடப்போவது நீங்கள் அத்தையிடம் சொல்லி, அத்தை புரோக்கரிடம் சொல்லி, புரோக்கர் நம் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் சொல்லி, அவர் என் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடியே எனக்குச் சொன்னார். தந்தி முறையில் வந்த செய்திக்கு நன்றி.

இப்படிக்கு,
காதோரம் ரீங்காரமிடும்
உங்கள் கொசு

---

ஜூலை 21

என் அன்புக் கொசுவுக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை வேதியியல் ஆசிரியர், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். நான் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லை.

சாவிக்கொத்து என்னிடம்தான் இருக்கிறது. பூட்டிவிட்டு அத்தையிடம் கொடுக்க வேண்டியதை, கை தானாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுவிட்டது. விமான நிலையச் சோதனையில்தான் கண்டேன். இங்கே பூட்டே கிடையாது. எல்லாக் கதவும் ஓர் அட்டையைக் காட்டினால் திறந்துகொள்கிறது. ஆனாலும் மாலையில் வந்து என் அறைக்குப் படி ஏறும்போது அதை எடுத்துக் குலுக்கிக்கொண்டுதான் ஏறுகிறேன். முப்பது வருஷப் பழக்கம், விட மாட்டேன் என்கிறது.

பள்ளி பெரியது. பிள்ளைகள் நல்லவர்கள். ஒரு சின்ன விநோதம். என் வகுப்பறைக் கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம். அதற்குள் ஓர் இயற்கணிதச் சுருக்கல் கணக்கு, பாதியில் நிற்கிறது. கட்டத்துக்கு மேலே 'அழிக்காதே' என்று எழுதியிருக்கிறது. முதல் நாள் தெரியாமல் டஸ்டரை அதன் பக்கம் கொண்டுபோனேன். வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. நான் கையைக் கீழே இறக்கியதும் உட்கார்ந்தார்கள்.

பிறகுதான் விசாரித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அதை எழுதினாராம். மணி அடித்துவிட்டதால், "திங்கட்கிழமை முடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு. ஏஜென்ட் சொன்ன திடீர்க் காலியிடம் இதுதான்.

நானும் கட்டத்தைச் சுற்றியே துடைத்துப் பாடம் நடத்தப் பழகிவிட்டேன். ஆனால் கொசு, இதைச் சொன்னால் நீ கேலி செய்வாய். அந்தக் கணக்கு வளர்கிறது. வந்தபோது நான்கு வரி. இப்போது ஏழு. அதே கையெழுத்து. அதே போலக் கொம்பு நீண்ட 'x'. மாலையில் நான் கிளம்பும்போது இல்லாத வரி காலையில் இருக்கிறது.

வீட்டு விஷயம் உன்னிடம் நேரடியாகச் சொல்லியிருக்க வேண்டும். பூட்டிக் கிடந்தால் வீடு வீணாகப் போய்விடும். நாலு பேர் புழங்கட்டும். அத்தை சொல்படி கேள். பால் குடி.

அன்புடன்,
அப்பா

---

ஆகஸ்ட் 5

ஆவி பறக்கும் அப்பாவுக்கு,

பயப்படாதீர்கள். ஆவி சாக்பீஸ் எடுக்காது. அதற்குத் தூசி அலர்ஜி.

இந்தத் துறையில் எனக்குள்ள அனுபவத்தைக் கொஞ்சம் மதித்துக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் மணியடிக்கப் பார்க்கும் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் ஓட வைத்து, ஒரு மாதம் முழுக்கப் பள்ளியையே சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியவள் சொல்கிறேன். முதல் விதி, இந்த மாதிரி வேலையை யாரும் ராத்திரியில் செய்ய மாட்டார்கள். ராத்திரி வாட்ச்மேன் விழித்திருப்பார். விடிந்த பிறகுதான் அவர் தூங்குவார். ஆகவே நீங்கள் சீக்கிரம் போங்கள். இரண்டாவது விதி, புதிதாக எழுதிய வரி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வரியைவிட எழுத்து மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், எழுதியது எக்கி நின்று எழுதுகிற குள்ளமான ஆள்.

மூன்றாவதுதான் முக்கியம். இறந்துபோன சாரின் கையெழுத்து அச்சு அசலாக யாருக்கு வரும்? என் ரிப்போர்ட் கார்டில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தை நிரப்பி நிரப்பிப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன் (இதற்கான தண்டனையைக் கடல் தாண்டி அனுப்பவும்). அந்த சாருக்குப் பிள்ளை யாராவது இருக்கிறார்களா?

இங்கேயும் ஒரு பேய்ச் செய்தி உண்டு. நம் வீட்டைப் பார்க்கப் புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. புரோக்கர் வாய் ஓயாமல், "நல்ல காத்து, நல்ல வெளிச்சம், அமைதியான வீடு" என்று அளந்துகொண்டிருந்தாராம். அமைதி என்று அவர் சொன்ன அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் விசில் அடித்திருக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டில்! போய்ப் பார்த்தால் அடுப்பில் குக்கர். உள்ளே வெறும் தண்ணீர். ஆள் யாரும் இல்லை. பரணில் ஆள் ஒளிய இடம் இருப்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது. அதாவது, எனக்கும் தெரியாது. கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிவிட்டாளாம். தையல்காரர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார், "அந்தம்மா தங்கமான மனுஷி, அவங்க வீட்டை விட்டுட்டு எங்க போவாங்க?" நான் தலையை ஆட்டிவைத்தேன்.

அம்மாவின் சேலை அலமாரியை என்ன செய்வது என்று அத்தை கேட்கிறாள். இரண்டு கடிதத்துக்கு முன்னால் அம்மா என்று நான் எழுதினேன். நீங்கள் பால் குடி என்று எழுதினீர்கள்.

இப்படிக்கு,
கடிக்கும் கொசு

---

ஆகஸ்ட் 27

கொசுவுக்கு,

உன் மூன்று விதியும் சரி.

சீக்கிரம் போனேன். வராந்தா முழுக்கக் காலியான பெஞ்சுகள். வகுப்பறைக் கதவில் கண்ணாடி வைத்திருப்பார்கள், அதன் வழியாகப் பார்த்தேன். ஒரு பெண் நாற்காலி மேல் ஏறி நின்று எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்பவள். பாடத்தில் நான் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவள். இறந்துபோன அந்த ஆசிரியருடைய மகள்தான் என்று அப்புறம் வேதியியல்காரர் சொன்னார். வந்த புதிதிலேயே சொல்லியிருப்பார்கள் போல, நான்தான் காதில் வாங்கவில்லை.

நான் உள்ளே போகவில்லை. அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எட்டு வரியில் முடிய வேண்டிய கணக்கு. இப்போது இரண்டாவது கட்டம் போட்டுப் பதினைந்து வரிக்கு வந்திருக்கிறது. எங்கேயும் தப்பில்லை. ஆறு என்று இருப்பதை இரண்டும் மூன்றும் பெருக்கல் என்று பிரித்து எழுதுகிறாள். அடுத்த வரியில் திரும்ப ஆறு ஆக்குகிறாள். ஒன்றைக் கூட்டுகிறாள், அதே ஒன்றைக் கழிக்கிறாள். ஒவ்வொரு வரியும் சரி. எந்த வரியும் விடைக்குக் கிட்டே போகவில்லை. இவ்வளவு வருஷத்தில் கணக்கு முடிக்கத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முடிக்கக் கூடாது என்று போடுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

விடை வந்துவிட்டால் அழித்துவிடுவார்கள். அவளுக்கு அது தெரியும்.

சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து நாற்காலியைப் பலகைப் பக்கம் போட்டுவிட்டு வருகிறேன். ஒரு முழு சாக்பீஸும் வைக்கிறேன். அவள் உடைந்த துண்டுகளால் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்த அன்றைக்கு மாலை அத்தையோடு போனில் பேசினேன். புரோக்கர் இனி அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன் என்கிறாராம். குக்கர் மட்டுமில்லை, ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிகிறதாம், மாடிப்படியில் யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்கிறதாம். வாடகைக்கு வர இருந்த பேங்க் அதிகாரியும் போய்விட்டார். "வீட்டுல அண்ணி நடமாட்டம் இருக்குண்ணே" என்று அத்தை அழுதாள்.

நான் அழவில்லை. நாற்காலி மேல் நின்ற அந்தப் பெண்ணின் முதுகுதான் கண்ணுக்குள் வந்தது. சாவிச் சத்தம் வரைக்கும் யோசித்திருக்கிறாய். கெட்டிக்காரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கேலி செய்யாமல் பதில் சொல். அந்தப் பூட்டிய வீட்டில் மாலை முழுக்க நீ மட்டும் தனியாகவா உட்கார்ந்திருக்கிறாய்?

வீட்டை யாருக்கும் விட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் அலமாரியை யாரும் தொட வேண்டாம்.

இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். இன்னும் போடவில்லை.

அப்பா

---

செப்டம்பர் 12

அப்பா,

கேலி இல்லாமல் எழுத வராது, முயற்சி செய்கிறேன்.

ஆமாம். ஸ்கூல் விட்டதும் அங்கேதான் போகிறேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். குக்கர் நான்தான். விளக்கு நான்தான். சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பேன், அம்மா திறந்துவைக்கிற மாதிரி பாதி மட்டும். ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். குக்கர் விசில் அடித்தால் கொஞ்ச நேரம் எல்லாம் பழையபடி இருக்கும். பக்கத்து அறையில் அவங்க வேலையாக இருக்கிற மாதிரி. எழுந்து போய்ப் பார்க்காமல் இருந்தால் போதும், அப்படியே நம்பலாம். நாற்காலி மேல் நின்ற அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் அப்பா. முகம் மட்டும்தான் தெரியாது.

ஆனால் சாவிச் சத்தம் நான் இல்லை.

நான் எப்படி அதைச் செய்வேன்? என்னிடம் இருப்பது அத்தையின் மாற்றுச் சாவிகளில் ஒன்றே ஒன்று. அது எதோடு மோதிச் சத்தம் போடும்? கொத்து உங்களிடம் இருக்கிறது.

முதல் தடவை கேட்டபோது தையல்காரர் என்றுதான் நினைத்தேன். கீழே எட்டிப் பார்த்தால் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. படி முழுக்கக் காலி. சத்தம் மட்டும் ஏறி வந்தது. நீங்கள் வருகிற அதே நடை. பாதிப் படியில் ஒரு நிமிஷம் நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும். வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அப்புறம் அநேகமாக எல்லா நாளும்.

சாவிச் சத்தம் கேட்டதும் அம்மா என்ன செய்வாங்க? எதைச் செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு டீக்குத் தண்ணீர் வைப்பாங்க. எனக்கும் கை தானாகப் போய்விட்டது. டீ போட்டு உங்கள் டம்ளரில் ஊற்றி வைத்தேன். யாரும் உள்ளே வரவில்லை. ஆடை படிந்துவிட்டது.

இவ்வளவு நாளாக நான் அம்மாவுக்காகத்தான் அங்கே காத்துக்கொண்டிருந்தேன். விசில் அடித்துப் பார்த்தேன், விளக்குப் போட்டுப் பார்த்தேன். அவங்க ஒரு நாள்கூட வரவில்லை. அவங்க போயிட்டாங்க அப்பா, நிஜமாகவே போயிட்டாங்க. அந்த வீட்டில் பேயாக நடமாடுவது நீங்கள் ஒருவர்தான்.

உயிரோடு இருக்கிற ஆள் இப்படிச் செய்யலாமா? அரை மார்க்குகூடத் தர மாட்டேன்.

கொசு

---

செப்டம்பர் 29

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாவிக்கொத்தை மேசை மேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே உள்ள நேரத்துக்கும் அங்கே உள்ள நேரத்துக்கும் மணிக்கணக்கில் வித்தியாசம். நான் இங்கே அறைக்கு ஏறுகிற நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அது நீ ஸ்கூல் விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நேரம். அதற்குமேல் அந்தக் கணக்கைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் அம்மா போன அன்றைக்கு நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து வழக்கம்போலக் குலுக்கிக்கொண்டே ஏறினேன். பாதிப் படியில் நின்றேன். டீ கொதிக்கிற வாசனை வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் படியை முழுசாக ஏறியதாக எனக்கு நினைவில்லை.

அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் வருஷத் தேர்வு முடியும்வரை இந்த வகுப்பை விட்டு வர முடியாது. பாதியில் போன ஒருவரை இந்தப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், இன்னொருவரைப் பார்க்க வேண்டாம். இன்று காலை அந்தக் கணக்கில் ஒரு வரி குறைந்திருந்தது. நான் அழிக்கவில்லை.

தேர்வு முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவேன். அதுவரை மாலையில் சத்தம் கேட்கத்தான் செய்யும். குலுக்காமல் ஏறிப் பார்த்தேன், கால் வரவில்லை.

கேட்டால் டீயைப் போட்டு மூடி வை. பயப்படாதே, நான்தான்.

அப்பா